எழுத்தில்லாத பாட்டில்

எங்கள் நாய் செவலையின் பின்தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் முளைக்காத இடம் ஒன்று உண்டு. கொதிக்கிற கஞ்சி ஊற்றிய இடம்.

அது நடந்தபோது நான் கல்லூரியில் கடைசி வருடம். உத்திரமேரூர் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறேன், எங்கள் தெரு முனையில் கூட்டம். நடுவில் எங்கள் நாயும் ஒரு கறுப்பு நாயும் இணைசேர்ந்து பின்னோடு பின்னாக நின்றன. அந்த நிலையில் நாய்களால் பிரிய முடியாது. உடம்பு தானாக விடும்வரை நின்றுதான் ஆக வேண்டும். எங்கள் ஊரில் நிற்க விடமாட்டார்கள். பெண்பிள்ளைகள் போகிற வழியில் இது என்ன அசிங்கம் என்று கல்லெடுப்பார்கள். அன்றைக்குச் செங்கல் பறந்தது. ஒருவர் வேலியிலிருந்து சவுக்குக் கழியை உருவி வந்து, இரண்டும் ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தே அடித்தார். கறுப்பு நாய் மிரண்டு ஓட, செவலை பின்பக்கமாகத் தார்ச்சாலையில் தேய்ந்துகொண்டே இழுபட்டது. எதிர்வீட்டு அக்கா அடுப்பில் வடித்த கஞ்சியைக் குண்டானோடு தூக்கிவந்து ஊற்றினாள். தோல் வெந்த நாற்றம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கழியைப் பிடுங்கி, அடித்தவர் முழங்கையில் நான் ஒன்று வைத்தேன்.

"பார்ரா, நாய்க்குக் காவல் நிக்கத்தான் உங்க நைனா உன்னக் காலேஜ்ல சேத்தாரா?" என்றாள் அக்கா. தெருவே சிரித்தது.

"ஆமா, நிப்பேன். அடுத்த தடவ என் நாய நானே எடம் பாத்துச் சேப்பேன். நானே முறையா குட்டி எடுப்பேன். உன் கண்ணு முன்னாலயே எடுப்பேன், பாத்துக்கினே இரு."

அந்தச் சினை தங்கவில்லை. மூன்றாம் வாரம் ரத்தமாகப் போனது. நான் சொன்ன சொல் மட்டும் தங்கிவிட்டது.

எங்கள் வீட்டில் எழுத்துள்ள எதுவும் என் கைக்குத்தான் வரும். பூச்சிமருந்து டப்பா, உர மூட்டை, கரண்ட் கார்டு, மாத்திரை அட்டை எல்லாம். நைனா கைநாட்டு. அம்மா பஸ்ஸை நிறத்தை வைத்து அடையாளம் காண்பவள். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் எனக்கு முன்னால் ஒருவரும் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்ததில்லை. அதனால் நான் படித்துச் சொன்னால் அது தீர்ப்பு. மறுத்துப் பேச ஆளில்லாத வீட்டில் வளர்ந்தேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

அப்படி நான் சொன்ன தீர்ப்புகளில் ஒன்று, எருமை ஊசியைப் பற்றியது. எங்களுக்கு இரண்டு எருமைகள். கன்று செத்த எருமை பாலை இறக்காது, கிட்டப் போனால் உதைக்கும். அதற்குப் பால்காரர் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவந்து கொடுப்பார். உள்ளே தண்ணீர் மாதிரி இருக்கும். தொடையில் ஏற்றினால் ஐந்து நிமிடத்தில் மடி இளகிவிடும். பாட்டிலின் மேல் ஒரு தாள்கூட ஒட்டியிருக்காது. அது கர்ப்பப்பையைப் பிழிகிற மருந்து, அப்படி விற்பதே குற்றம் என்று படித்துத் தெரிந்துகொண்ட அன்று, பாட்டிலை மாட்டுக் கொட்டகைச் சுவரில் அடித்து உடைத்தேன்.

"எழுத்தே இல்லாத ஒன்ன எப்படி நைனா ஒரு உடம்புல ஏத்தற? விஷம் இது."

நைனா அதற்குப் பிறகு தொடவில்லை. அம்மா மட்டும் ஒன்றை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். அது எனக்கும் தெரியும்.

படிப்பு முடிந்து ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். வருகிற உதிரிப்பாகங்களைப் பார்த்து, குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ள வேண்டும். கம்பெனி பஸ் என்னை மானாம்பதி சாலையில் இறக்கிவிடும். அங்கிருந்து வீடு வரை இரண்டு பக்கமும் கழனி. ஒரு சாயங்காலம் பைக்கில் வந்த ஒருவன் வண்டியை என் குறுக்கே நிறுத்தி, துப்பட்டாவைப் பிடித்தான். எதிரே என்னை அழைத்துப் போக வந்த செவலை, ஒரு சத்தமும் போடாமல் அவன் கெண்டைக்காலைக் கவ்வியது. சதையைக் கிழித்துக்கொண்டுதான் விட்டது. அவன் போன பிறகும் அதன் கடைவாயில் துணி நூல் தொங்கியது. அன்றைக்கு எனக்கு ஆசை வந்தது. இதே தைரியம், ஆனால் பெரிய உருவம். பார்த்தாலே எவனும் வண்டியை நிறுத்தாத உருவம். அப்படி ஒரு குட்டி எனக்கு வேண்டும்.

சாலவாக்கம் போகிற வழியில் சென்னைக்காரர் ஒருவரின் பண்ணை வீடு இருக்கிறது. அங்கே ஒரு ராட்வீலர் ஆண் நாய். தலை மட்டும் ஒரு சிமெண்டுச் சட்டி அளவு. செவலை பருவத்துக்கு வந்த பத்தாம் நாள், நைனாவோடு மொபெட்டில் அதை வைத்து அழைத்துப் போனேன். காவலுக்கு இருந்த அண்ணன் கேட்டைத் திறந்துவிட்டு எங்கள் நாயைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா, இதுவா? இம்மாந்தூண்டு கீது. உள்ள கீறவன் எருமக்கெடா மாரி. தாங்குமா?"

"தாங்கும் அண்ணே. நீங்க அத அவுத்து வுடுங்க."

நைனா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நம்ம சின்ன கெடேரிக்குப் பெரிய சாதிச் சென ஊசி போடலாமான்னு கேட்டப்போ ஆஸ்பத்திரிக்காரு இன்னா சொன்னாரு? கன்னு பெருத்துப்பூடும், வெளிய வராது, தாயி பூடும்னாரா இல்லியா?"

"அது மாடு நைனா. ஒரு கன்னு. நாய்க்கு அஞ்சாறு குட்டி தங்கும், அப்ப ஒவ்வொன்னும் சின்னதாத்தான் இருக்கும்."

"சின்னதாத்தான் இருக்கும்னு எங்க பட்ச்ச?"

எங்கேயும் படிக்கவில்லை. அந்த நிமிடம் நானே உண்டாக்கியது. "பட்ச்சேன்" என்றேன். நைனா தலையாட்டிவிட்டுப் போய் வண்டியருகில் நின்றார்.

செவலை அந்த நாயை ஏற்கவில்லை. முதல் முறை முகத்தைக் கடித்தது. அது திருப்பிக் கடித்ததில் செவலையின் காது நுனி பிய்ந்தது. காவல்கார அண்ணன் தயங்கினார். நான்தான் துப்பட்டாவைக் கழற்றிச் செவலையின் வாயைக் கட்டினேன். நான்தான் அதன் கழுத்தை என் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்தேன். அதன் முதுகில் அந்தப் பாரம் விழுந்தபோது முன்னங்கால்கள் மடங்கி மண்ணில் முகம் இடித்தது. பிறகு இரண்டும் பிணைந்து நின்ற அந்த இருபது நிமிடமும் செவலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கல்லில்லை, கஞ்சியில்லை, கேட் சாத்தியிருக்கிறது, இதுதான் முறை என்று எனக்குள் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஒன்பது வாரமும் நான் ஒரு நோட்டுப் போட்டேன். சேர்த்த நாள், பிரசவ நாள், வாரவாரம் வயிற்றளவு. கம்பெனியிலிருந்து பெரிய அட்டைப்பெட்டி கொண்டுவந்து ஒரு பக்கம் வாசல் வெட்டினேன். அம்மாவின் பழைய புடவைகளை வெந்நீரில் அலசிக் காயவைத்தேன். தொப்புள்கொடி கட்ட நூல், வெட்டக் கத்தரிக்கோல், காய்ச்சல் பார்க்கும் கருவி. உடம்புச் சூடு சட்டென்று குறைந்தால் ஒரு நாளுக்குள் வலி வரும். இரண்டு மணி நேரம் முக்கியும் ஒன்றும் வராவிட்டால் ஆபத்து. முதல் குட்டிக்கு முன்பே பச்சை நீர் வந்தால் உடனே டாக்டர். எல்லாம் என் கையெழுத்தில் வரிவரியாக இருந்தது. எந்த டாக்டர், எந்த வண்டி, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் எங்கே என்பது மட்டும் இல்லை. ஏழாம் வாரத்துக்குப் பிறகு எக்ஸ்ரே படம் எடுத்தால் எத்தனை குட்டி, எவ்வளவு பெரிய தலை என்று தெரியும். அதற்குக் காஞ்சிபுரம் போக வேண்டும், ஒரு நாள் லீவு போட வேண்டும். போடவில்லை. சிக்கல் வரும் என்று ஏற்பாடு செய்வது, சிக்கல் வரும் என்று ஒப்புக்கொள்வதுபோல் எனக்கு இருந்தது.

வலி ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. காலை எட்டரைக்கு முக்க ஆரம்பித்தது. ஒன்பதேகாலுக்குப் பச்சை நீர் ஒழுகியது, புடவையில் பாசிபோல் படிந்தது. நோட்டைத் திறந்து, நான் எழுதிய வரியை நானே படித்தேன். மூடி வைத்தேன். பத்தரைக்கு ஒரு வால் தெரிந்தது. தலையில்லை, காலில்லை. ஒரு கறுப்பு வால் மட்டும் வெளியே தொங்கியது. செவலை ஒவ்வொரு முறை முக்கும்போதும் அது விரல் அகலம் வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது.

"பின்வாட்டமா வருது," என்றார் நைனா. "வண்டிய எடுக்கறேன். ஒரு புடவ எடு."

நான் எழுந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து வேலிக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. எதிர்வீட்டு அக்கா.

"இன்னாமே, முறையா குட்டி எடுத்துக்கினு கீறியா? எத்தினி ஆச்சி?"

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் பல்லில் குச்சியோடு நின்றார்கள். நாயைத் தூக்கிக்கொண்டு இவர்கள் முன்னால் வண்டியேற வேண்டும். நான் மறுபடி உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் இரு நைனா. அதுக்குச் சக்தி பத்தல, அவ்ளோதான்."

போனைத் தேய்த்தேன். வலி குறைவாக இருந்தால் இந்த மருந்து கொடுப்பார்கள் என்று வந்தது. எருமை ஊசியின் அதே பெயர். அதற்கு அடுத்த வரி: வழியில் குட்டி சிக்கியிருந்தால் கொடுக்கவே கூடாது, கர்ப்பப்பை கிழியும். அந்த வரியை நான் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசை. பார்த்தேன். புரிந்தது. சிக்கியிருக்காது என்று முடிவு செய்தேன்.

"யம்மா, அந்தப் பாட்டில எடு."

அம்மா அசையவில்லை. "நீதான விசம்ன?"

"மாட்டுக்குத் தப்பு. இதுக்கு டாக்டருங்களே போடறாங்க. எடு."

பாட்டிலில் எழுத்தில்லை. எவ்வளவு வீரியம் என்று தெரியாது. எருமைக்குப் போடுவதில் பாதி என்று இரண்டு மில்லி இழுத்து, பதினொன்றேகாலுக்குத் தொடையில் ஏற்றினேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. செவலையின் உடம்பு வில்லாக வளைந்து விறைத்தது. வயிறு பலகையாக இறுகியது. அது போட்டது நாயின் சத்தமே இல்லை. பெட்டியின் அட்டையைக் கடித்துக் குதறியது, தன் தொடையையே கடித்தது. தலையைப் பிடிக்கப் போன என் வலது கையை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கவ்வியது. பல் எலும்பில் உரசுவது காதுக்குள் கேட்டது. விடவில்லை. வலி தளரும்வரை கவ்வியபடியே என்னைப் பார்த்தது. நான் கத்தினேன், அம்மா கத்தினாள். நைனா மட்டும் சத்தமில்லாமல் குனிந்து, வாலோடு சேர்த்து வெளியே வந்த இடுப்பைத் துணியால் சுற்றிப் பிடித்து, கன்றை இழுப்பதுபோல் கீழ்நோக்கி இழுத்தார். இரண்டாவது இழுப்பில் வந்தது. கூடவே ஒரு கை நிறைய ரத்தம். தாயின் தலையில் பாதி இருந்தது அதன் தலை. செத்திருந்தது.

அதற்குப் பிறகு வலி நின்றுவிட்டது. செவலை பக்கவாட்டில் சாய்ந்து அமைதியாகப் படுத்தது.

"அப்பாடா, அடங்கிச்சி," என்றாள் வேலிக்கு வெளியிலிருந்த அக்கா.

செவலையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வயிற்றுக்குள் இன்னும் குட்டிகள் கையில் தட்டுப்பட்டன. ஆனால் முன்பு இருந்த இடத்தில் இல்லை. தோலுக்கு அடியிலேயே, கண்ட இடத்தில் உருண்டன. என்ன ஆகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்த வரியை நான் படித்தவள்.

நைனா மொபெட்டை ஓட்ட, பின்னால் புடவையில் சுற்றிய செவலையை மடியில் வைத்துக் காஞ்சிபுரம் போனோம். என் கை ரத்தமும் அதன் ரத்தமும் கலந்து என் முழங்காலிலிருந்து சாலையில் சொட்டியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது முனகியது. கடைசிப் பாதித் தூரம் முனகவும் இல்லை. நைனாவுக்குப் பலகை படிக்கத் தெரியாது. இடதா வலதா என்று நான் சொல்லச் சொல்ல ஓட்டினார். ஞாயிறும் திறந்திருந்த ஒரு நாய் ஆஸ்பத்திரியின் பலகையை நான் படித்தேன்.

டாக்டர் ஒரு பெண். வயிற்றை ஒரு முறை அழுத்தியதும் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"ஊசி ஏதாவது போட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா சொன்னார். "நான்தான் மேடம் போட்டேன். மாட்டு ஊசி. எழுத்து தெரியாத ஆளு, தெரியாம பண்ட்டேன்."

டாக்டர் அவரைத் திட்டினார். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினார். "உங்கள மாதிரி ஆளுங்க கைய வெட்டணும்யா. கர்ப்பப்பை உள்ள கிழிஞ்சு கிடக்கு. உங்களுக்கெல்லாம் எதுக்கு நாய்? உங்க வீட்டுப் பொண்ணுக்கு இப்படிப் பண்ணுவீங்களா?" நைனா கைகளைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். பேங்கிலும் தாலுகா ஆபீசிலும் அவர் அப்படித்தான் நிற்பார். அப்போதெல்லாம் நான் முன்னால் வந்து அவருக்காகப் பேசுவேன். இன்று பின்னால் நின்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு தப்பித்த சுகம்கூட எனக்குள் ஓடியது. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

"எத்தனை மணிக்குப் போட்டீங்க? எவ்வளவு போட்டீங்க? அது தெரிஞ்சாத்தான் நான் மயக்கம் கொடுக்க முடியும். சொல்லுங்கய்யா!"

நைனாவுக்கு மணி பார்க்கத் தெரியாது. "காலைல... மாட்டுக்குப் போடற மாரி..." என்று இழுத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. மேசையில் செவலையின் நாக்கு வெளியே தொங்கியது, நுனி சாம்பல் நிறம்.

"பதினொன்னேகால்," என்றேன். "ரெண்டு மில்லி. பாட்டில்ல பேர் இல்ல. போட்டது அவர் இல்ல மேடம், நான். போடக் கூடாதுன்னு போன்ல படிச்சிட்டுத்தான் போட்டேன்."

டாக்டர் என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தை. "என்ன படிச்சிருக்க?"

"பி.எஸ்ஸி."

அவர் நைனாவைத் திட்டியதில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கொடுக்கவில்லை. ஆபரேஷனுக்கான தாளை என் முன்னால் தள்ளினார். உயிருக்கு உத்தரவாதமில்லை என்று அதில் இருந்தது. இடது கையால் கையெழுத்துப் போட்டேன், எழுதப் பழகும் பிள்ளையின் எழுத்துபோல் கோணலாக விழுந்தது.

வெளியே கையைக் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவியபடி கேட்டேன். "ஏன் நைனா சொன்ன?"

"என்ன யாரு இன்னா திட்டனாலும் ஒட்டாது பாப்பா, பயகிச்சி. உன்ன ஒருத்தர் அந்த மாரி பேசி நான் கேட்டதில்ல."

இரண்டு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கிழிசல் வழியாக வயிற்றுக்குள் விழுந்திருந்த இரண்டு குட்டிகள் செத்திருந்தன. கிழியாத பக்கத்தில் இருந்த ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. டாக்டர் துண்டில் தேய்த்துத் தேய்த்து அதை அழவைத்தார். மொத்தமே நான்கு. நான்கும் பெரியவை. அஞ்சாறு தங்கும், சின்னதாக இருக்கும் என்று எங்கேயோ படித்ததாக நான் சொன்னேனே, அதன் லட்சணம் இதுதான். செவலை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கடிக்கு ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அம்மாவோடு போனேன். வரிசையில் எங்கள் தெருக்காரர்கள் ஐந்தாறு பேர். நர்ஸ் பெரிய நோட்டைத் திறந்தார்.

"தெரு நாயா, வூட்டு நாயா? சும்மா இருந்தப்ப கடிச்சிச்சா, நீ ஏதாச்சும் பண்ணியா?"

"பெத்த வலில கடிச்சிச்சிம்மா," என்று அம்மா முந்தினாள். "அது இன்னா பண்ணும், வாயில்லா ஜீவன்."

"கடிச்ச நாய வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க? அடிச்சிப் போட்டுட்டு வேற வேல பாருங்க," என்றார் வரிசையில் ஒருவர். அன்று சவுக்குக் கழியோடு வந்தவர்தான்.

நான் திரும்பி, வரிசைக்குக் கேட்கும்படி சொன்னேன். "நான் பண்ணதுக்குத்தான் கடிச்சிச்சி. மாட்டு ஊசிய அதுக்குப் போட்டேன். உள்ள எல்லாம் கிழிஞ்சிப்போச்சி. அடிக்கணும்னா என்ன அடிங்க."

"காலேஜ் பட்ச்சவளா போட்ட?"

"ஆமா. பட்ச்சவதான் போட்டேன். உங்க வூட்ல அந்தப் பாட்டில் இருந்தா, போயி மொத வேலயா ஒடைங்க."

நர்ஸ் நோட்டில் எழுதினார். அவர் கையெழுத்தைத் தலைகீழாகப் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் முறையாக என்னைப் பற்றிய தப்பு ஒன்று எழுத்தில் ஏறியது.

குட்டிக்கு இப்போது எட்டு மாதம். தாயைவிடப் பெரிதாகிவிட்டது. வெறும் உருவம்தான். கோழி துரத்தினால் ஓடி என் பின்னால் ஒளிகிறது. அதற்குக் கருத்தடை செய்ய நாள் வாங்கியிருக்கிறேன். நோட்டில் புதிய பக்கத்தில் டாக்டர் எண்ணும், வண்டிக்காரர் எண்ணும் முதல் இரண்டு வரி.

செவலை நைனா கையில் சாப்பிடுகிறது. சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு வழக்கம்போல் வருகிறது. கூப்பிட்டால் வாலாட்டும். கையை நீட்டினால் உதடு மேலே ஏறிப் பல் தெரியும், தொண்டைக்குள் உறுமும். வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் ஓடிவந்து எனக்கும் சாலைக்கும் நடுவில் நிற்கும். வண்டி போனதும் விலகிக்கொள்ளும். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நான் அதற்குப் பத்தடி தள்ளி நடக்கிறேன்.